ஐரோப்பா சுற்றுலா நடத்துவோருக்கு: கொலோன் பேராலயத்துக்கு ஒன்றரை மணி நேரம் வேண்டும்

சென்னை, கோவை, மதுரை, திருச்சி என்று ஊர் ஊராக அலுவலகம் வைத்து ஐரோப்பா சுற்றுலா நடத்தும் நிறுவனத்தாருக்கும், கையில் கொடியோடு முன்னால் நடக்கும் டூர் மேனேஜர்களுக்கும் வணக்கம்.

நான் ஜெர்மனியின் கொலோன் நகரில் வசிப்பவன். ரயில் நிலையத்தை விட்டு வெளியே வந்தால் எதிரே பேராலயம்தான் நிற்கும். அதனால் வேலைக்குப் போகும்போதும் வரும்போதும் உங்கள் குழுக்களைப் பார்க்கிறேன். கோடை மாதங்களில் அந்தத் திடலில் தமிழ் காதில் விழாத வாரம் குறைவு. பஸ்ஸிலிருந்து இறங்கியவர்கள் மேற்கு வாசலுக்கு முன்னால் வந்து, இரண்டு கோபுரங்களையும் ஒரே படத்தில் அடக்கப் பார்க்கிறார்கள். அடங்குவதில்லை. பின்னால் நகர்கிறார்கள், இன்னும் நகர்கிறார்கள், எதிர்க்கடைச் சுவர் முதுகில் இடிக்கும்வரை நகர்கிறார்கள். யாராவது ஒரு புண்ணியவான் தரையில் மல்லாந்து படுத்துப் படம் எடுத்துக் கொடுக்கிறார். பிறகு கழிப்பறை தேடும் படலம், ஓடிகொலோன் கடை, ஓர் ஐஸ்கிரீம். அதற்குள் கொடி உயர்ந்துவிடுகிறது.

உங்கள் பயணத்திட்டங்களையும் இணையத்தில் படித்துப் பார்த்தேன். ஆம்ஸ்டர்டாமில் காலை உணவு, இரவு பிளாக் ஃபாரஸ்ட், இரண்டுக்கும் நடுவில் அரை வரியாகக் கொலோன் பேராலயம். தொழிலின் நெருக்கடி புரியாமல் இதை எழுதவில்லை. நான்கரை மணி நேரம் பஸ் ஓட்டிய ஓட்டுநர் முக்கால் மணி நேரம் ஓய்வெடுத்தே ஆக வேண்டும் என்பது ஐரோப்பியச் சட்டம். ஆம்ஸ்டர்டாமிலிருந்து மூன்று மணி நேரத் தொலைவில், நெடுஞ்சாலைக்குப் பக்கத்தில், பெயர்பெற்ற கட்டடம் ஒன்று இருக்கிறது. ஓய்வை அங்கே வைத்துவிட்டால் பட்டியலில் இன்னொரு நகரமும் சேர்ந்துவிடும். கணக்கு சரிதான். ஆனால் நீங்கள் ஒரு தேநீர்க்கடை நிறுத்தமாகப் பயன்படுத்துவது, இடைக்கால ஐரோப்பாவின் கோதிக் பாணிக் கட்டடக்கலையின் மிகப் பெரிய சாதனைகளில் ஒன்றை.

என் சித்தியும் இப்படி ஒரு குழுவில் வந்தார். ஞாயிறு பூசை தவறாதவர். "உள்ளே போய் ஒரு ஜெபம் சொல்லிவிட்டு வரலாமா?" என்று கேட்டதற்கு, பஸ் கிளம்ப இன்னும் பத்து நிமிடம்தான் என்று பதில் கிடைத்திருக்கிறது. குழந்தை இயேசுவைக் காண வந்த மூன்று ராஜாக்களின் திருப்பண்டங்கள், அதாவது அவர்களுடையவை என்று போற்றும் எலும்புகள், அந்த ஆலயத்துக்குள்தான் இருக்கின்றன என்று நான் பிறகு தொலைபேசியில் சொன்னேன். "அவ்வளவு பக்கத்தில் நின்றுவிட்டா வந்தேன்?" என்றார். ஜனவரி 6ஆம் தேதி மூன்று ராஜாக்கள் திருநாளை ஊரில் கொண்டாடி வளர்ந்தவரிடம் அதைச் சொல்ல உங்கள் ஆளுக்குத் தோன்றவில்லை. அவருக்கே அது தெரிந்திருக்காது என்றுதான் நினைக்கிறேன்.

அந்த ராஜாக்களிடமிருந்துதான் இந்தக் கட்டடத்தின் கதையே தொடங்குகிறது. 1164இல் கொலோன் பேராயர் ரைனால்ட் ஃபான் டாஸல் அந்தத் திருப்பண்டங்களை மிலானிலிருந்து கொண்டுவந்தார். இத்தாலிய நகரமான மிலான், ஜெர்மானியப் பேரரசர் பார்பரோசாவிடம் தோற்றிருந்த நேரம். வெற்றிபெற்றவர்கள் எடுத்துக்கொண்டார்கள் என்று சொல்வதுதான் நேர்மை. அவற்றை வைக்க வெர்டுன் நகரத்து நிக்கோலஸ் என்ற பொற்கொல்லரின் கைவண்ணத்தில் ஒரு பேழை உருவானது. சிறிய தேவாலயம் போன்ற வடிவில், தங்கமும் எனாமலும் மணிகளும் பதித்து, இரண்டு மீட்டருக்கும் மேல் நீளமான பேழை. யாத்ரீகர்கள் குவிந்தார்கள். பழைய ஆலயம் போதவில்லை. 1248ஆம் ஆண்டு ஆகஸ்ட் 15 அன்று, மாதா விண்ணேற்புத் திருநாளில், பேராயர் கொன்ராட் ஃபான் ஹோக்ஸ்டாடன் புதிய ஆலயத்துக்கு அடிக்கல் நாட்டினார். கெர்ஹார்ட் என்ற தலைமைக் கட்டடக் கலைஞர், பிரான்சின் அமியான் பேராலயத்தை மனதில் வைத்து அதையும் மிஞ்சும் அளவில் திட்டமிட்டார்.

டூர் மேனேஜர்கள் ஒலிபெருக்கியில் சொல்வதை நான் கேட்டிருக்கிறேன்: "இதைக் கட்ட 600 வருடம் ஆனது." கூட்டிக் கழித்துப் பார்த்தால் தப்பில்லை. ஆனால் 600 வருடமும் உளிச் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது போன்ற படம் மனதில் பதிந்துவிடுகிறது. நடந்தது அதைவிடச் சுவையானது. முதலில் கிழக்குப் பகுதி, அதாவது பலிபீடம் இருக்கும் பகுதி, எழுந்தது. 1322இல் அதை வழிபாட்டுக்காக அர்ச்சித்தார்கள். மீதி ஆலயம் இன்னும் எழவில்லை என்பதால், மேற்கே ஒரு தடுப்புச் சுவரை எழுப்பி மூடிவிட்டு உள்ளே வழிபாட்டைத் தொடங்கிவிட்டார்கள். அந்தத் தற்காலிகச் சுவர் 1863 வரை நின்றது. தெற்குக் கோபுரம் சுமார் 56 மீட்டர் வரை வளர்ந்தது. 16ஆம் நூற்றாண்டில் பணமும் ஆர்வமும் வற்றி, 1560 வாக்கில் வேலை நின்றே போனது. அரைகுறைக் கோபுரத்தின் தலையில் கல் தூக்குவதற்காக வைத்திருந்த மரக் கிரேனை யாரும் இறக்கவில்லை. அது அங்கேயே நானூறு ஆண்டுகளுக்கும் மேல் நின்று, இந்த நகரத்தின் அடையாளமாகவே ஆகிவிட்டது. பழைய ஓவியங்களில் கொலோன் என்றால் கோபுரம் அல்ல, அந்தக் கிரேன்தான்.

பிறகு வந்தது வரைபடத்தின் கதை. இதை மட்டும் பஸ்ஸில் சொல்லிப் பாருங்கள், தூங்குகிறவர்களும் எழுந்துவிடுவார்கள். மேற்கு முகப்பு எப்படி இருக்க வேண்டும் என்று 13ஆம் நூற்றாண்டில் தோல் தாளில் வரைந்த நான்கு மீட்டர் உயரப் படம் ஒன்று இருந்தது. பிரெஞ்சுப் படைகள் வந்த கொந்தளிப்பில் அது காணாமல் போனது. 1814இல் ஒரு பாதி டார்ம்ஸ்டாட் நகரின் விடுதிப் பரணில் கிடைத்தது. அங்கே அதை விரித்துக் கட்டி அவரை விதை உலர்த்தினார்கள் என்று சொல்வார்கள். 1816இல் இன்னொரு பாதி பாரிஸில் கிடைத்தது. இரண்டையும் ஒட்டவைத்தார்கள். 500 ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்தவர்கள் என்ன கட்ட நினைத்தார்கள் என்பது அவர்கள் கைப்படவே தெரிந்துவிட்டது. கலை ரசிகர் சுல்பிஸ் போய்ஸெரே போன்றவர்கள் ஏற்கெனவே ஊரூராகப் போய் ஆலயத்தைக் கட்டி முடிக்க ஆதரவு திரட்டிக்கொண்டிருந்தார்கள். 1842இல் பொதுமக்கள் நிதி திரட்ட ஒரு சங்கம் அமைந்தது. அதே ஆண்டு, அப்போது கொலோனை ஆண்ட பிரஷ்யா என்ற ஜெர்மானிய நாட்டின் அரசர் நான்காம் ஃப்ரீட்ரிஷ் வில்ஹெல்ம் இரண்டாவது அடிக்கல்லை நாட்டினார். முதலில் ஸ்விர்னர், அவர் இறந்தபின் ஃபாய்க்டெல் என்ற கட்டடக் கலைஞர்களின் தலைமையில் 38 ஆண்டுகளில் மீதியை முடித்துவிட்டார்கள். 157 மீட்டர் உயரம். 1880இல் உலகின் மிக உயரமான கட்டடம் இதுதான். 1884இல் வாஷிங்டன் நினைவுத்தூண் முந்தும்வரை. 1880 அக்டோபர் 15 அன்று பேரரசர் முதலாம் வில்ஹெல்ம் முன்னிலையில் நிறைவு விழா எடுத்தார்கள். அரசுக்கும் கத்தோலிக்கத் திருச்சபைக்கும் அப்போது கடும் மோதல் நடந்துகொண்டிருந்ததால், பேராயர் மெல்ஷர்ஸ் நாட்டைவிட்டே வெளியேறியிருந்தார். சீர்திருத்தச் சபையைச் சேர்ந்த பேரரசர் இருந்தார், ஆலயத்துக்குரிய பேராயர் இல்லை.

அந்த வரைபடம் இன்றும் ஆலயத்துக்குள், பலிபீடத்தைச் சுற்றிவரும் பாதையில் உள்ள யோவான் சிற்றாலயத்தில் இருக்கிறது. வெளிச்சம் பட்டால் மை மங்கும் என்று திரை போட்டிருக்கிறார்கள். அதே சிற்றாலயத்தில்தான் 1248இல் அடிக்கல் நாட்டிய கொன்ராட் பேராயரின் கல்லறையும் இருக்கிறது. வெண்கலத்தில் வார்த்த உருவமாக அதன் மேல் படுத்திருக்கிறார். அடிக்கல் நாட்டியவர் ஒரு பக்கம், அவர் கண்ணால் காணாத முகப்பின் வரைபடம் இன்னொரு பக்கம்.

இப்போது நான் சொல்ல வந்ததற்கு வருகிறேன். உங்கள் பயணிகள் படம் பிடிக்கும் முகப்பின் பெரும்பகுதி 19ஆம் நூற்றாண்டு வேலை. சென்னை உயர் நீதிமன்றக் கட்டடத்துக்கு வெறும் பன்னிரண்டு ஆண்டு மூத்தது. அதில் குறையொன்றும் இல்லை, பழைய வரைபடத்தின்படியே நுணுக்கமாகக் கட்டியிருக்கிறார்கள். ஆனால் இடைக்காலத்துக் கொலோன் பேராலயம் என்று நினைத்துக்கொண்டு இதை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்புகிறவர்கள், இடைக்காலத்து ஆலயத்தைப் பார்க்கவே இல்லை. அது பின்பக்கம் இருக்கிறது. முகப்பிலேயே பழையதைப் பார்க்க வேண்டுமென்றால், வாசலை நோக்கி நிற்கும்போது வலது பக்கம் வரும் பேதுரு வாசலைக் காட்டுங்கள். ஆலயத்தின் வாசல்களில் இடைக்காலத்தைச் சேர்ந்தது அது ஒன்றுதான். நடு வாசலில் நின்று படம் எடுக்கும் கூட்டத்தில் ஒருவரும் அந்தப் பக்கம் திரும்புவதில்லை.

ஒன்றரை மணி நேரம் கிடைத்தால் என்ன செய்யலாம்? முதலில் உள்ளே அழைத்துப் போங்கள். நுழைந்தவுடன் பேச வேண்டாம். நடு மண்டபத்தின் உயரம் 43 மீட்டர். அதன் அகலத்தைப்போல மூன்று மடங்குக்கும் மேல். தூண்கள் ஒவ்வொன்றும் பல மெல்லிய கம்பங்களைக் கட்டுக்கட்டாகச் சேர்த்தது போல் எழுந்து, மேலே போய் விலா எலும்புகளாகப் பிரிந்து கூரையைத் தாங்குகின்றன. சுவர் என்று சொல்லக்கூடிய சுவரே இல்லை, எங்கும் கண்ணாடி. நம் பயணிகளுக்கு இது ஏன் வியப்பு என்பதை ஒரே நிமிடத்தில் புரியவைத்துவிடலாம். தஞ்சைப் பெரிய கோயிலில் கல் மேல் கல் அடுக்கி ஏற்றியிருக்கிறார்கள், பாரம் நேராகக் கீழே இறங்குகிறது. நம் மண்டபங்களில் தூணுக்குத் தூண் கல் உத்திரம் போட்டிருக்கிறார்கள். கல் உத்திரம் நீண்ட தூரம் தாங்காது, ஆகவே தூண்கள் நெருக்கமாக நிற்கின்றன. இங்கே செய்தது வேறு. கூர்மையான வளைவுகளால் கூரையை எழுப்பினார்கள். வளைவு என்றால் பாரம் கீழே மட்டும் இறங்காது, பக்கவாட்டிலும் தள்ளும். அவ்வளவு உயரத்தில் தள்ளினால் மெல்லிய கண்ணாடிச் சுவர் வெளியே விழுந்துவிடும். எனவே வெளிப்புறத்தில் தூண்களை நிறுத்தி, அவற்றிலிருந்து அந்தரத்தில் பாய்ந்துவரும் கல் வளைவுகளால் சுவருக்கு முட்டுக் கொடுத்தார்கள்.

இதை உள்ளே இருந்து பார்க்க முடியாது. அதனால்தான் வெளியே வந்தபின் கிழக்குப் பக்கம் போகச் சொல்கிறேன். முகப்பிலிருந்து ஐந்து நிமிட நடைதான். அங்கே முட்டு வளைவுகள் அடுக்கடுக்காக ஆலயத்தைச் சூழ்ந்து நிற்கும். தெற்குப் பக்கத்து வளைவுகளில் சிற்ப வேலைப்பாடு நிறைந்திருக்கும், வடக்குப் பக்கத்தில் அதே வளைவுகள் மொட்டையாக இருக்கும். சிறுவர்கள் வந்திருந்தால் இரண்டுக்கும் வித்தியாசம் கண்டுபிடிக்கச் சொல்லுங்கள், பெரியவர்களும் சேர்ந்துகொள்வார்கள். எனக்கு வடக்குப் பக்கம்தான் பிடிக்கும். அலங்காரம் இல்லாததால் கல் செய்யும் வேலை மட்டும் கண்ணுக்குத் தெரிகிறது.

கற்களின் நிறத்தையும் காட்டுங்கள். "ஏன் இவ்வளவு கறுப்பாக, அழுக்காக இருக்கிறது? கழுவக்கூடாதா?" என்பது திடலில் நான் அடிக்கடி கேட்கும் தமிழ் வாக்கியம். இடைக்காலத்தவர்கள் பான் நகருக்கு அருகே ரைன் கரையில் உள்ள டிராகன்ஃபெல்ஸ் மலையிலிருந்து எரிமலைப் பாறையை வெட்டிப் படகில் கொண்டுவந்தார்கள். வெட்டி வெட்டி மலை இடிந்து விழும் நிலைக்கு வந்ததால், 1836இல் பிரஷ்ய அரசு மலையுச்சியை விலைக்கு வாங்கிக் கல் வெட்டுவதை நிறுத்தியது. ஆகவே 19ஆம் நூற்றாண்டுக்காரர்கள் வேறு ஊர்களின் மணற்பாறைகளைத் தேடிப் போனார்கள். இரண்டாம் உலகப் போருக்குப் பின் வந்தவர்கள் லோண்டார்ஃப் என்ற ஊரின் எரிமலைக் கல்லைப் பயன்படுத்தினார்கள். ஒவ்வொரு கல்லும் ஒவ்வொரு விதமாகப் புகையையும் மழையையும் வாங்கி நிறம் மாறுகிறது. நிலக்கரிப் புகை, ரயில் புகை, கந்தக மழை எல்லாம் சேர்ந்த கறுப்பு அது. கறுப்புக்கு நடுவே வெளிறித் தெரியும் இடங்கள் அண்மையில் மாற்றியவை. சாரம் கட்டாத நாளே கிடையாது. ஆலயத்துக்கென்றே கல்தச்சர் பட்டறை ஒன்று இன்றும் இயங்குகிறது. "இந்தச் சாரம் படத்தைக் கெடுக்கிறதே" என்று பயணி குறைப்பட்டால், சாரம் இல்லையென்றால் கல் தலையில் விழும் என்று தாராளமாகச் சொல்லுங்கள்.

இரண்டாம் உலகப் போரில் கனமான குண்டுகள் மட்டும் 14 இதன் மேல் விழுந்தன. சுற்றியிருந்த நகரம் தரைமட்டமானது. ஆலயம் நின்றது. விமானிகள் அடையாளத்துக்காக விட்டுவைத்தார்கள் என்ற கதையைத் தயவுசெய்து ஒலிபெருக்கியில் ஓதாதீர்கள். 14 குண்டுகள் போட்டதற்குப் பெயர் விட்டுவைத்தல் அல்ல. நிற்கக் காரணங்களில் ஒன்று கூரை. பாரிஸின் நோத்ர் தாம் 2019இல் எரிந்தபோது பற்றிக்கொண்டது ஓக் மரக் கூரை. கொலோனின் கூரைச் சட்டங்களோ 19ஆம் நூற்றாண்டு இரும்பு. தீக்குண்டுகளுக்கு அங்கே தின்ன மரம் இல்லை. பழைய கண்ணாடிகளை முன்கூட்டியே கழற்றிப் பத்திரப்படுத்தியிருந்தார்கள். 1943இல் வடக்குக் கோபுரத்தின் மூலைத்தூணில் குண்டு பெரிய ஓட்டை போட்டபோது, கோபுரம் சரியாமலிருக்க அவசர அவசரமாகச் செங்கல் வைத்து அடைத்தார்கள். பல்லில் அடைக்கிற மாதிரியான வேலை. அந்தச் செங்கல் அடைப்பு அரை நூற்றாண்டுக்கு மேல் வெளியே தெரிந்தது. 1995க்கும் 2005க்கும் இடையில் அதன் மேல் பழையபடி கல் வேலை செய்து மூடிவிட்டார்கள். என்னைக் கேட்டால், அப்படியே விட்டிருக்கலாம். பார்க்க அழகில்லைதான். ஆனால் ஒரு தலைமுறை அந்தச் செங்கல்லைப் பார்த்துத்தான் போரை நினைவு வைத்திருந்தது.

உள்ளே இன்னும் இரண்டே இரண்டு இடங்கள். ஒன்று, சிலுவை வடிவ ஆலயத்தின் தெற்குக் கையில் உள்ள பெரிய ஜன்னல், 2007இல் ஓவியர் கெர்ஹார்ட் ரிக்டர் வடிவமைத்தது. 72 நிறங்களில் 11,000க்கும் மேற்பட்ட சதுரக் கண்ணாடிகள். எந்த நிறம் எங்கே என்பதைப் பெரும்பாலும் கணினியின் குருட்டுத் தேர்வுக்கு விட்டுவிட்டார். புனிதர் இல்லை, கதை இல்லை. அப்போதைய பேராயர் கர்தினால் மைஸ்னருக்குப் பிடிக்கவில்லை. இது மசூதிக்குத்தான் பொருந்தும் என்று வெளிப்படையாகவே சொன்னார். வெயிலுள்ள நண்பகலில் அந்த நிறங்கள் தரையிலும் எதிர்த் தூண்களிலும் சிந்திக் கிடப்பதைப் பார்த்தபின் நான் கர்தினால் பக்கம் இல்லை. உங்கள் பஸ் பெரும்பாலும் நண்பகலை ஒட்டித்தான் வருகிறது, கவனியுங்கள்.

மற்றொன்று கேரோ சிலுவை. 10ஆம் நூற்றாண்டு மரச் சிற்பம். இப்போதைய ஆலயத்தைவிடக் கிட்டத்தட்ட 300 ஆண்டு பழையது. ஆளுயர இயேசு. அந்தக் காலத்துச் சிலுவைகளில் பெரும்பாலும் கண் திறந்த அரசராக நிற்பவர், இங்கே இறந்துவிட்டவராகத் தொங்குகிறார். தலை சரிந்து, கண் மூடி, உடலின் பாரம் வயிற்றில் இறங்கி அது முன்னால் சற்றுப் பிதுங்கியிருக்கிறது. தோளிலிருந்து கைக்குப் போகும் தசை இழுபடுவதைச் சிற்பி எங்கோ நேரில் கண்டிருக்க வேண்டும். கிறிஸ்தவர் அல்லாதவர்களும் இதன் முன்னால் நின்றுவிடுகிறார்கள்.

தெற்குக் கோபுரத்தின் 533 படிகளை உங்கள் குழுக்களுக்கு நான் சிபாரிசு செய்யவில்லை. முழங்கால் வலி உள்ளவர்கள் பாவம். அவர்கள் உள்ளே பெஞ்சில் உட்கார்ந்து கூரையைப் பார்த்தால் போதும். ஏறாதவர்களுக்கு வேறொரு வழி இருக்கிறது: கோபுர உச்சியில் இருக்கும் கல்பூவின் அதே அளவிலான மாதிரியைத் திடலிலேயே வைத்திருக்கிறார்கள். ஒன்பதரை மீட்டர் உயரம். அதன் பக்கத்தில் நின்றுவிட்டு மேலே பார்த்தால், உச்சியில் மொக்குபோலத் தெரிவது எவ்வளவு பெரியது என்பது புரியும். மக்கள் அதன் அடியில் உட்கார்ந்து சாண்ட்விச் சாப்பிடுகிறார்கள், என்னவென்று தெரியாமல்.

நேரம் எங்கிருந்து வரும் என்று கேட்பீர்கள். அன்று மாலையே பிளாக் ஃபாரஸ்டில் குக்கூ கடிகாரக் கடைக்கு எவ்வளவு நேரம் ஒதுக்குகிறீர்கள் என்று பாருங்கள். அங்கே கமிஷன் உண்டா இல்லையா என்று நான் கேட்கப்போவதில்லை. அதில் அரை மணி நேரத்தை இங்கே மாற்றுங்கள், மீதி அரை மணி நேரத்துக்கு ஆம்ஸ்டர்டாமில் சற்று முன்னதாகக் கிளம்புங்கள். விளக்கம் சொல்லத் தனி நேரம் தேவையில்லை. வரும் வழியில் மூன்று மணி நேரம் பஸ்ஸில் படம் போடுகிறீர்கள். அதில் இருபது நிமிடம் நிறுத்திவிட்டுக் கிரேன் கதையையும் வரைபடக் கதையையும் சொல்லுங்கள். உள்ளே நின்று உரக்க விளக்க வேண்டாம், அது வழிபாடு நடக்கும் இடம். பூசை நேரத்தில் சுற்றிப் பார்க்க விடமாட்டார்கள் என்பதால், ஞாயிற்றுக்கிழமைக் காலையில் வந்து சேரும்படி திட்டம் போடாதீர்கள். ஆண்கள் தொப்பியைக் கழற்ற வேண்டும் என்பதையும் பஸ்ஸிலேயே சொல்லிவிடுங்கள்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். அடுத்த கோடைக்கான பயணத்திட்டத்தை அச்சுக்கு அனுப்புவதற்கு முன் அந்த அரை வரியைத் திருத்துங்கள். "கொலோன் பேராலயம்: உள்ளே சென்று பார்த்தல், ஒன்றரை மணி நேரம்" என்று எழுதிவிடுங்கள். எழுத்தில் வந்துவிட்டால் பயணி கேட்பார், டூர் மேனேஜரும் தட்டிக்கழிக்க முடியாது. மூன்று ராஜாக்களின் பேழை பற்றியும் அதே இடத்தில் ஒரு வரி சேர்த்தால், நாகர்கோவிலிலிருந்தும் தூத்துக்குடியிலிருந்தும் உங்களுக்கு எத்தனை பதிவுகள் கூடுதலாக வருகின்றன என்று நீங்களே பார்த்துக்கொள்ளலாம்.

இப்படிக்கு,
கொலோனில் வசிக்கும் ஒரு தமிழன்